இரண்டடிக்கு ஒரு கல்

செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, வீட்டுக் கதவைப் பார்த்தபடி வெறும் மண்ணில் நடக்கிறார் அந்தப் பெரியவர். பின்னாலேயே அவர் மனைவி குனிந்துகொண்டே வந்து, ஒவ்வொரு காலடியிலும் ஒரு சிட்டிகை சுண்ணாம்புப் பொடி தூவுகிறார். கதவை எட்டியதும் பெரியவர் திரும்பி நின்று வீட்டுக்காரரிடம் சொல்கிறார்: "இதான் உங்க பாதை. பொடி விழுந்த இடத்துல எல்லாம் ஒரு கல்லு வரும்."

வீடுகளுக்கு வாசல் நடைபாதை போடுவது அவர் தொழில். இளவயதில் ஓர் இன்ஜினியர் அவர் நடையைப் பத்து இடத்தில் அளந்து பார்த்தாராம். பத்திலும் சரியாக இரண்டடி. அன்றிலிருந்து அவருக்கு 'ரெண்டடி' என்றே பெயர். சொந்தப் பெயர் மின்சார ரசீதில் மட்டும் இருக்கிறது. பையில் டேப் உண்டு; வெளியே எடுத்ததில்லை. யாராவது கேட்டால், "அது நடக்குமா?" என்பார்.

வேலையில் மகா பிடிவாதக்காரர். பணம் கொடுக்கிறவர்களையே அதட்டுவார். "நேரா விட்டா தபால்காரர் மாதிரி வந்துட்டுப் போயிடுவாங்க. கொஞ்சம் வளைச்சு விட்டாத்தான் வீட்டைப் பாத்துக்கிட்டே வருவாங்க." ஓரத்துச் செடி முழங்காலைத் தாண்டக் கூடாது, வருகிறவர் முகம் உள்ளேயிருந்து தெரிய வேண்டும். கடைசிக் கல் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிது. "கதவு தொறக்கற வரைக்கும் நிக்கற மனுஷனுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

இந்த வருஷம் மட்டும் மூன்று புகார் வந்துவிட்டது. மூன்றாவது ஒரு பள்ளி ஆசிரியை வீட்டிலிருந்து. "தப்பா நினைக்காதீங்க ஐயா. கல்லு ரொம்ப நெருக்கமா இருக்கு. குழந்தை மாதிரி குட்டிக் குட்டியா அடி வெச்சு வர வேண்டியிருக்கு." வேலை பிடித்துத் தரும் மேஸ்திரியும் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "அடுத்து வரிசையா பத்து வீடு இருக்கு அண்ணே. இன்னொரு புகார் வந்தா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்."

கோபமாகவே ஆசிரியை வீட்டுக்குப் போனார். கேட்டிலிருந்து கதவு வரை நடந்தார். ஒவ்வொரு காலும் கல்லின் நடுவில் கச்சிதமாக விழுந்தது. "எனக்குச் சரியா இருக்கே! உங்க நடைதாம்மா சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அதே தெருவில் பல் டாக்டர் வீட்டுப் பாதை, பதினைந்து வருஷத்துக்கு முன் அவர் போட்டது. தன் கையின் லட்சணத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆசையில் அங்கேயும் நுழைந்தார். இரண்டாவது காலே புல்லில் விழுந்தது. மறுபடி கேட்டுக்குப் போய் முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் புல்தான். வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"ரெண்டு வருஷமாவே உங்க நடை குறைஞ்சுபோச்சுங்க" என்றார் கூடவே வந்திருந்த மனைவி.

"உனக்குத் தெரியுமா?"

"பின்னாலயே வர்றவளுக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டுடுவீங்க. அப்புறம் வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருப்பீங்க."

 வீட்டுப் படியேறும்போது மனைவி மெதுவாகக் கேட்டார்: "இனிமே டேப்பை எடுத்துக்கலாமா?" அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பத்து வீடுகளில் முதல் வீடு திங்கட்கிழமை. மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். மனைவி வழக்கம்போல் சுண்ணாம்பு டப்பாவோடு பின்னால் வந்து நிற்க, அவர் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

"நீ நட."

அந்தம்மா விழித்தார். பிறகு நாலு எட்டு நடந்தார். பெரியவர் முழங்காலை அழுத்திப் பிடித்துக் குனிந்து தடங்களைப் பார்த்தார். தன்னுடைய அதே குறைந்த அளவு. இரண்டு வருஷமாக அவருக்கு ஈடாக நடந்து நடந்து ஊறிப்போன அளவு.

"எனக்காக நடக்காத. உன் நடைய நட."

அந்தம்மா கேட்டுக்குத் திரும்பி வந்து மறுபடி தொடங்கினார். இம்முறை எட்டி, வேகமாக, தாராளமாக விழுந்தன அடிகள். பாதி வழி போனதும், அவருக்காக நிற்கிற பழக்கதோஷத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். அவர் இன்னும் மூன்றாவது தடத்தில்தான் குனிந்திருந்தார். தலையை நிமிர்த்தாமலே, பொடி படிந்த கையை வீசிக் காட்டினார், போ போ என்று.