யோகன் அண்ணைக்குக் கறுக்க வறுத்த கோப்பி

செவ்வாய், காலை 7.10. போனில் மூன்று மிஸ்ட் கோல், மூன்றும் கலா அக்கா.

யோகன் அண்ணை நேற்று இரவு போய்விட்டார்... மாரடைப்பு.

லண்டன் அப்டன் பார்க்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். நான் மனோர் பார்க் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் கோப்பிக்கொட்டை வறுத்து விற்கிறேன். படித்தது கெமிக்கல் என்ஜினியரிங். என்னிடம் முதன்முதலில் வாங்கிய கடை அவருடையது.

திருப்பி அழைத்தேன். அவருடைய மனைவி கலா அக்கா அழவில்லை, நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, வாற திங்கள் எட்டு. படையலுக்கு அவருக்குப் பிடிச்ச கோப்பி வேணும். வறுத்துத் தருவீரோ?"

தெரியாத நண்பர்களுக்கு: எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்து எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்போம்.

எதியோப்பியக் கொட்டை வறுத்தபடி ரெடியாக இருந்தது. "நாளைக்கே கொண்டு வாறன் அக்கா" என்றேன்.

"அது அவருக்குப் புளிக்கும். கறுக்க வறுக்க வேணும். மல்லியும் போட்டு அரைக்க வேணும்."

 பிறகு சொன்னார், "டொக்டர் சொன்னவர் எண்டு தை மாசத்திலை இருந்து நான் அவருக்குக் கோப்பி குடுக்கேல்லை தம்பி. கேட்டுப் பாத்தார். பிறகு கேக்கிறதையும் விட்டிட்டார்."

"டொக்டர் சொன்னது சரி அக்கா" என்றேன்.

"ஓம், சரிதான். எண்டாலும் திங்கள் குடுக்கிற கோப்பி பிழைக்கக் கூடாது."

போனை வைத்துவிட்டார். நான் இன்னும் யூனிட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்...

முதல் நாள் சாம்பிளோடு அவர் கடைக்குப் போனது ஞாபகம் வருகிறது. உயர்ந்த மலையில் விளைந்தது, குளிரில் மெதுவாகப் பழுப்பதால் பழவாசம் கூட, அதைக் கெடுக்காமல் லேசாக வறுத்திருக்கிறேன் என்று ஒரு லெக்சர் அடித்தேன்.

ஒரு வாய் குடித்தார். "பழப்புளி கரைச்சு விட்டனீரோ?"

"அது அசிடிட்டி அண்ணை."

"அதுக்கு நான் மருந்துக் குளிசை போடுறனான்."

சிரிக்காமல் சொன்னார். ஆனால் பத்து பேக் எடுத்துக் கடை அலுமாரித் தட்டில் அடுக்கினார்.

வருகிற சனம் எல்லாம் "இண்டைக்கு வறுத்ததோ?" என்றுதான் கேட்கும். வறுத்த அன்றே கோப்பி நன்றாக இருக்காது. கொட்டைக்குள் வாயு நிறைந்திருக்கும். அது வெளியேற நாள் எடுக்கும். அதற்கு முன் சுடுதண்ணீர் ஊற்றினால் நுரை வரும், ருசி இறங்காது.

இதை ஆளாளுக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. பேக்கில் திகதி அடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

அவர் புது பேக்குகளை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். ஒரு வயதான அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"உதிலை கிடக்கு, ஏன் தம்பி தரமாட்டீர்?"

"அது இன்னும் மூச்சு விடுது அம்மா. வெள்ளிக்கிழமை வாங்கோ."

"கோப்பி என்ன, ஆஸ்பத்திரியிலையோ கிடக்கு?"

வெள்ளிக்கிழமை வந்து வாங்கிப் போனார். பேக்கை வெட்டி, பிரீசரில் கருவாட்டுக்குப் பக்கத்தில் திறந்தபடி வைத்துவிட்டு, மறு கிழமை "கோப்பி நாறுது" என்று கொண்டுவந்தார். யோகன் அண்ணை ஒன்றும் பேசாமல் வேறு பேக் கொடுத்தார்... நான் என்றால் சண்டைதான்.

ஒருமுறை மாத்தளையில் சொந்தக்காரர் தோட்டத்தில் விளைந்தது என்று ஒரு சாக்குப் பச்சைக்கொட்டையை யூனிட்டுக்கே தூக்கி வந்தார். இலங்கைக் கோப்பி விற்கப் போகிறேன் என்று கடையில் எல்லோருக்கும் சொல்லியும் வைத்திருந்தார்.

ஈரம் அளந்தேன். நூற்றுக்குப் பன்னிரண்டு வீதத்தைத் தாண்டக் கூடாது, பதினைந்து காட்டியது. கையை உள்ளே விட்டால் பூஞ்சணம்.

"ஏலாது அண்ணை. குப்பை."

"காய வைச்சால்?"

"பூஞ்சணம் பிடிச்சது பிடிச்சதுதான்."

சாக்கைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஒரு முனையைப் பிடித்தார். "மற்றப் பக்கம் பிடியும். எறிஞ்சு போட்டு வருவம்."

கடையில் கேட்டவர்களிடம் "வந்தது, பழுதாப் போச்சு" என்று மட்டும் சொன்னார். என்னை இழுக்கவில்லை.

போன மாதம் போனபோது ஒரு பேக்கை மூக்கோடு வைத்து அமத்திக்கொண்டு நின்றார். வாயு போக பேக்கில் வைத்திருக்கிற வால்வு வழியாக வாசம் வரும்.

"பழுதோ அண்ணை?"

"இல்லை. நீர் போம், உமக்கு வேலை இருக்கும்."

குடிக்க விடுவதில்லை என்று எனக்கு இன்று காலைதான் தெரியும்...

மல்லி விஷயத்தில் மட்டும் நாங்கள் ஒத்துப்போனதே இல்லை. மல்லி எண்ணெய் கிரைண்டர் அலகில் ஒட்டினால் அடுத்து அரைக்கிற கோப்பியெல்லாம் அதே மணம்தான். "வீட்டு மிக்சியிலை அரையுங்கோ" என்பேன். இப்போதும் என் கருத்து அதுதான்.

போய்ட்டு வாங்கோ அண்ணை.

இனிச் செய்யப் போவது:

1. இன்று வறுப்பதில்லை. கறுக்க வறுத்தது வாயுவைச் சீக்கிரம் விட்டுவிடும், எண்ணெய் கசிந்து சீக்கிரம் பழசாகும். திங்களுக்கு வியாழன்தான் சரி. அதுவரை பொறுக்க வேண்டும்.

2. வியாழன் காலை பிரேசில் கொட்டை. கொட்டை சூட்டில் இரண்டாம் தரம் வெடிக்கிற சத்தம் கேட்ட பிறகும் இறக்காமல் வறுப்பது.

3. திங்கள் விடிய மல்லியைத் தனியாக வறுத்து, இரண்டையும் சேர்த்து என் கிரைண்டரிலேயே அரைப்பது. அடுத்த கிழமை ஓடர் கொடுத்தவர்களுக்குக் கோப்பி பிந்தும். அலகைக் கழற்றித் துடைக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டாம்.

4. கொண்டுபோய்க் கொடுப்பது. நான் ஊற்றுவதில்லை. கலா அக்கா தன் கையால் ஊற்றிக் கொடுக்கட்டும்.