தண்ணீர்க் கூறு

ஆட்டை அறுக்கக் கத்தி போதும். அதைப் பங்கு போடத் தடித்த தோலும் வேண்டும். கல்யாணப் பந்தியில் கடைசி வரிசைக்குப் பாயசம் ஊற்றியவர்களுக்கும், மூன்று பிள்ளைகளுக்கு ஒரே மாம்பழத்தை நறுக்கியவர்களுக்கும் என் கஷ்டம் புரியும்.

கயத்தாற்றுக்கும் கடம்பூருக்கும் நடுவே, கரிசல் காட்டுக்குள் எங்கள் ஊர். ஞாயிறுதோறும் எங்கள் தெருவில் பங்குக் கறி. வேண்டியவர்கள் முதல் நாளே பேர் கொடுத்துவிடுவார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு கிடாய் வாங்குவோம். மாடசாமி வெட்டுவார், நான் கூறு போடுவேன். பேர் கொடுக்காத ஒரே வீடு பேச்சியம்மாளுடையது. தீப்பெட்டி ஆபீஸை மூடியதிலிருந்து அவளுக்கு நிலையான வேலை இல்லை; வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை தெருவில் மசாலா மணக்கும்போது அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். தீபாவளிக்குள் அந்த வீட்டுக்கும் ஒரு கூறு போயாக வேண்டும் என்று நான் முடிவு கட்டினேன்.

தராசு

எங்கள் முறை எளிது. பாயில் தேக்கிலைகளைப் பரப்பி, கறி, எலும்பு, ஈரல், குடல் என்று ஒவ்வொன்றையும் எல்லா இலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பேன். கண் அளவுதான். எல்லாரும் எடுத்தபின் மிஞ்சுவதுதான் என் கூறு. ஏதாவது ஒரு இலை இளைத்தால் அது என் தலையில்தான் விழும் என்பதால் என் கண் தப்புவதில்லை.

கயத்தாற்றில் மளிகைக்கடை வைத்திருந்த முருகையா அண்ணாச்சி ஒரு ஞாயிறு மின் தராசோடு வந்தார். எல்லாக் கூறும் கிராம் சுத்தமாக நின்றது. அதுவரை வாயே திறக்காதவர்கள் அன்றைக்குக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஒருவருக்கு எலும்பு அதிகமாம்; இன்னொருவருக்குக் கொழுப்பு அதிகமாம். கடைசியில் தராசு கொண்டுவந்தவரே தன் இலையைத் தூக்கிக் காட்டினார்: “ஏலே, எடை சரியாத்தான் இருக்கு, ஆனா என்னைய ஏமாத்திட்டியே!”

தொடைக்கறி

முருகையா அண்ணாச்சியின் மருமகனுக்குப் பெங்களூரில் வேலை. லீவுக்கு வந்தவர், “ரெண்டு பங்குக் காசு தாரேன், எனக்குத் தொடை மட்டும் போதும்” என்றார். கெட்ட எண்ணமில்லை, கடையில் அப்படித்தான் வாங்கிப் பழக்கம். ஆனால் பாயைச் சுற்றி நின்றவர்கள் முகம் சுருங்கிவிட்டது. மாடசாமி கத்தியை நிறுத்தாமலே சொன்னார்: “தொடை வேணும்னா கடைக்குப் போங்க மாப்பிள்ளை, இங்கன ஆடுதான் கிடைக்கும்.”

இனாம்

அடுத்த வாரம் என் கூறில் பாதியைப் பொட்டலம் கட்டிப் பேச்சியம்மாள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். என் வீட்டில் உலை கொதிப்பதற்குள் பொட்டலம் பிரிக்காமலே திரும்பி வந்தது. அதைக் கொண்டுவந்தவள் அவளேதான். கோபமில்லை, அழுகையில்லை, கணக்குக் கேட்பது போல் கேட்டாள்: “நான் பேர் குடுக்கலியே அண்ணாச்சி, பேர் குடுக்காத வீட்டுக்குக் கறி எதுக்கு வருது?”

உதவி

சரி, ஒருவன் கொடுத்தால்தானே இனாம், ஊரே கொடுத்தால் உறுத்தாது என்று நினைத்தேன். மறுவாரம் பாயருகே நின்று, “பேச்சிக்கு உதவியா ஆளுக்கு ஒரு துண்டு விட்டுக்கொடுங்க” என்றேன். எல்லாரும் தங்கள் இலையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வீட்டில் விருந்தாளியாம். ஒருவருக்கு உளுந்து விளையவில்லையாம். முருகையா அண்ணாச்சி இலையை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: “உதவின்னு பார்த்தா, முதல்ல எனக்கு யாரு செய்யுதா?”

வழக்கம்

அறுத்த இடத்தைக் கழுவ எங்களில் யாருக்கும் மனம் வராது. ஒருவர் மற்றவரைப் பார்ப்போம். அதற்குள் நாய்கள் வந்துவிடும். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு நான் குரலை உயர்த்தி அறிவித்தேன்: “வெட்டுறவருக்குத் தோலும் தலையும் உள்ள மாதிரி, தண்ணி கொண்டாந்து இடத்தைக் கழுவுறவுகளுக்கு ஒரு கூறு. அதுக்குத் தண்ணீர்க் கூறுன்னு பேரு. இனிமே பேச்சியம்மா கழுவும்.” அந்த வழக்கம் அன்று காலை பல் துலக்கும்போதுதான் பிறந்திருந்தது.

ஒரு துண்டுக்கு யோசித்தவர்கள் ஒரு முழுக் கூறுக்கு மறுபேச்சுப் பேசவில்லை. முருகையா அண்ணாச்சி மட்டும் என்னை முறைத்தார். போச்சு என்று நினைத்தேன். அவரோ கேட்டார்: “முறைன்னா முறைதான, இத்தனை நாளா ஏம்ல குடுக்கல? என் மாமனார் ஊரு எப்போதும்வென்றான்ல ரெண்டு கூறுல்லா குடுக்காவ!”

ஈரல்

தீபாவளியன்று எங்களுக்கு முன்பே பேச்சியம்மாள் குடங்களோடு வந்துவிட்டாள். இடத்தைத் துடைத்துவிட்டது போலக் கழுவினாள். பேர் கொடுத்தவர்களோடு வரிசையில் நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் இலையில் இரண்டு துண்டு கூடுதலாக வைத்தேன். அந்தப் பரபரப்பில் வேறொன்றை வைக்க மறந்துபோனேன்.

அவள் இலையைப் பிரித்துப் பார்த்தாள். கூடுதல் துண்டுகளை எடுத்து என் இலையில் போட்டாள். பிறகு, தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டாள்: “கூட வச்சத எடுத்துட்டேன் அண்ணாச்சி, எல்லா இலையிலயும் ஈரல் இருக்கு, என் கூறுல மட்டும் எங்க?”

என் இலையில் இருந்த ஈரலை எடுத்துக் கொடுத்தேன். ஆக, அந்தத் தீபாவளிக்குத் தெருவிலேயே ஈரல் இல்லாமல் போனது என் வீட்டுக் குழம்பு மட்டும்தான், இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய லாபத்தை நான் பார்த்ததில்லை.