பின் ஸ்பீக்கரில் வராத மழை

என் தம்பிக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. டிவிடி வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். அவன் நாற்காலியில் பெரும்பாலும் வாடிக்கையாளர்களின் பைகள்தான் உட்கார்ந்திருக்கும். மத்தியானம் நான் போய், திரும்பி வந்த டிவிடிகளைத் துடைத்து வைப்பேன். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும்.

கடையின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறான். புதுப்படம் வந்தாலும் சரி, வாடகைக்குப் போனது திரும்பினாலும் சரி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நடுக்கடையில் நின்று கேட்ட பிறகுதான் அலமாரியில் வைப்பான். முன்னால் பேச்சு வரும், பின்னால் மழை, கூட்டம், கதவு எல்லாம் வரும். எங்கள் தெருவில் இப்படி வேறு யாரும் செய்வதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

சில மாதங்களாகப் புதிதாக வரும் படங்களில் அவனுக்கு மழை பின்னால் கேட்கவில்லை. முன்னால் பேசுவதே பின்னாலும் லேசாக முணுமுணுத்தது. எல்லாரும் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது என்றான். எலி ஒயரைக் கடித்திருக்கும் என்று ஸ்டூல் போட்டு ஏறினான். ஸ்பீக்கர்களை மாற்றி மாட்டினான். பிளேயரைத் திறந்து துடைத்தான். ஒன்றும் மாறவில்லை. வாடிக்கையாளர்களைக் கேட்டால், சத்தம் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். அவன் மனைவியும் அதையே சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அப்போதுதான் அவனுக்குப் பயம் பிடித்தது. எங்கள் அப்பாவுக்கு நாற்பது தாண்டியதும் காது மந்தமாகிவிட்டது. தம்பிக்கும் இப்போது அந்த வயதுதான். பழைய படத்தைப் போட்டுக் கேளேன் என்றேன்.

"அதெல்லாம் மனப்பாடம்க்கா. காது கேக்கலன்னாலும் மனசு கேட்டுடும்" என்றான்.

டாக்டரிடம் போகச் சொல்லி மனைவி மன்றாடினாள். போனால் காது போச்சு என்று சொல்லிவிடுவார், போகாதவரை பாதிதான் போயிருக்கும் என்று வாதாடினான். சாப்பிடும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு, மெதுவாக ஏதாவது பேசு என்பான். அவள் வேண்டுமென்றே, "அரிசி தீர்ந்துபோச்சு" என்று முணுமுணுப்பாள். அது மட்டும் கேட்டதாக ஒப்புக்கொள்ளவே மாட்டான்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். சத்தம் கேட்காதவன் படக்கடை நடத்துவது ஊரை ஏமாற்றுவது, கடையைச் செல்போன் கவர் விற்கிறவருக்குக் கொடுத்துவிடலாம் என்றான். அவரும் ஒரு நாள் சாயங்காலம் இடத்தை அளக்க வருவதாகச் சொன்னார்.

அன்று மத்தியானம், பக்கத்துத் தெரு நர்ஸம்மா வாடகைக்கு எடுத்த புதுப்படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினார். இவன் வழக்கம்போல ஓடவிட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று திரும்பி, "வாங்க, என்ன படம் வேணும்?" என்றான்.

வாசலில் யாரும் இல்லை.

அந்தக் காட்சியை மறுபடி போட்டான். படத்தில் ஒரு கதவு திறந்தது. இவன் மறுபடியும் திரும்பினான்.

"அக்கா, போன வாரம் இதே படத்துல இந்தக் கதவு முன்னாடிதான் திறந்துச்சு."

டிவிடியை வெளியே எடுத்துப் பார்த்தேன். கடைக்கு வருபவற்றின் மேல் 'வாடகைக்கு மட்டும்' என்று அச்சடித்திருக்கும். இதில் அது இல்லை. நர்ஸம்மாவுக்குப் போன் செய்தான். படம் பிடித்துப்போய்ச் சொந்தமாக ஒன்று வாங்கினாராம். அவசரத்தில் அதை எங்கள் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

உடனே டிவிடி அனுப்புகிற ஏஜென்டைப் பிடித்தான். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. வாடகைக்கு வருவதில் இப்போதெல்லாம் பின்னால் வருகிற சத்தத்தை எடுத்துவிட்டுத்தான் போடுகிறார்கள், முழுச் சத்தம் வேண்டுமென்றால் ஜனங்கள் விலை கொடுத்து வாங்கட்டும் என்று கம்பெனி நினைக்கிறது என்றார். இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

போனை வைத்துவிட்டுக் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். சிரித்தான், உடனே கம்பெனிக்காரர்களைத் திட்டினான், மறுபடி சிரித்தான்.

சாயங்காலம் கவர்க்காரர் அளக்கிற டேப்போடு வந்தார். தம்பி வாசலிலேயே மறித்தான்.

"காது நல்லா இருக்குங்க. கடை குடுக்கல."

"நான் காதைக் கேக்கலையே அண்ணே" என்று அவர் என்னைப் பார்த்தார். நான் துடைக்கிற துணியை உதறினேன்.

அவர் போனபின் நர்ஸம்மா டிவிடியை மாற்றிக்கொள்ள வந்தார். அவரை நடுக்கடையில் நிறுத்தி இரண்டையும் போட்டுக் காட்டினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றார். தம்பி என்னைப் பார்த்தான்.

"பொய் சொல்ல மாட்டேன்டா. எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றேன்.

அவனுக்குக் கோபம். ஆனால் ஒயரைப் பார்க்க ஸ்டூலில் ஏறவில்லை. இப்போது வாடகைக்கு எடுக்கிற ஒவ்வொருவரிடமும், பின்னால் சத்தம் வராது, தெரிந்து எடுத்துப் போங்கள் என்று சொல்லிக் கொடுக்கிறான். எங்கள் வீட்டில் முதுகுக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது என்று முக்கால்வாசிப் பேர் சொல்கிறார்கள். அவர்கள் படியிறங்கும் வரை பொறுத்திருந்து, அந்தச் சுவரில் எந்த ஸ்பீக்கரை மாட்டலாம் என்று என்னிடம் சொல்ல ஆரம்பிக்கிறான்.