ரெகுலேட்டருக்கு இட்ட சந்தனம்

என் மருமகன் கணேசன் பொருத்திய ரெகுலேட்டரைக் கெடுத்தவன் நான். அவர் அல்லர்.

பொகவந்தலாவைக் கடைத்தெருவில் உங்களில் பலருக்கு அந்தக் கல்யாண நாள் நினைவிருக்கும். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்கிறேன்…

தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுச்சென்ற என் பழைய காரை அறிவீர்கள். அதன் பேட்டரிக்கு மின்சாரம் ஏறாமல் போகவே, வண்டிகளின் மின்வேலை பார்த்துவந்த கணேசன் வேறொரு ரெகுலேட்டர் பெட்டியைத் தேடிக் கொணர்ந்தார். டைனமோவிலிருந்து வரும் இரண்டு வயர்கள், பேட்டரிக்குச் செல்வது, வண்டியின் உடலோடு சேரும் எர்த் வயர் என ஒவ்வொன்றையும் உரிய திருகில் இறுக்கினார். பெட்டிக்குள் மெல்லிய தகடுகள். அவற்றின் நுனியில் சிறு உலோகப் புள்ளிகள். அவை தொட்டும் விலகியும் மின்சாரத்தை அளவில் வைப்பவை.

"மூடிய மட்டும் தொறக்காதீங்க மாமா. அந்தப் புள்ளியில தூசி கூடப் படக்கூடாது," என்றார்.

சில நாட்களில் ஆயுத பூசை வந்தது. திருநீறு பூசாத அந்த மருமகன்மேல் எனக்கு நெடுநாள் மனக்குறை. இறைவனை நினையாத கை பொருத்திய கருவி பூசையின்றி ஓடுவதா! மூடியைத் திறந்தேன். குழைத்த சந்தனத்தை அந்தப் புள்ளிகளிலேயே வைத்து, மேலே குங்குமமும் இட்டு, பதிகம் பாடியபடி மூடினேன்.

அது பக்தியா? அவர் சொல்லை மீறுவதில் கண்ட இன்பமா? இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது…

சந்தனம் உலர்ந்து புள்ளிகளை மூடிக்கொண்டது. பேட்டரிக்கு மின்சாரம் செல்லவில்லை. நான் அறியவும் இல்லை. அண்ணன் மகளின் கல்யாணத்தன்று மணமக்களை ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை ஊரான வட்டகொடைக்கு நானே ஓட்டிச் சென்றேன். மாலைப் பனிமூட்டத்தில் விளக்கும் வைப்பரும் ஓயாமல் இயங்கின. பள்ளத்தை ஒட்டிய வளைவொன்றில் விளக்கு சிவந்து, மங்கி, அணைந்தது. எஞ்சினும் நின்றது. எதிரே வந்த பஸ் கையெட்டும் தூரத்தில் வந்து நின்றது…

ஒருவருக்கும் கீறல் இல்லை. அது இறைவனருள், என் தகுதியன்று!

அன்றிரவே வண்டியை இழுத்துவந்து நம் கடைத்தெருவில் நிறுத்தினோம். மறுநாள் காலை நான் செய்ததே பெரும் பிழை. கணேசனின் எச்சரிக்கை நினைவுக்கு வர, யாரும் வருமுன் மூடியைத் திறந்து, பெட்ரோலில் நனைத்த துணியால் சந்தனத்தைத் துடைத்துவிட்டேன். பிறகு கணேசன் வந்து ஒவ்வொரு வயராகத் திரும்பவும் இறுக்கிச் சோதித்தார். பழுதே தென்படவில்லை. என் அண்ணன் கடைத்தெருவிலேயே நின்று எல்லோரும் கேட்கச் சொன்னார்:

"அடுத்த தடவ ஒரு லாந்தரையும் சேத்து மாட்டிவிடுங்க மாப்பிள்ளை. பொண்ணு மாப்பிள்ளை வழி பாத்துப் போவாங்க."

நீங்கள் சிரித்தீர்கள். கணேசன் என்னிடம் மெல்ல, "எர்த் வயர சரியா இறுக்காம விட்டுட்டேன் போல மாமா," என்றார். நாள்தோறும் பதிகம் பாடும் இந்த நா அன்று அசையவில்லை!

அதன்பின் எவரும் அவரிடம் வண்டி கொடுக்கவில்லை. தொழிலை விட்டு, என் மகளோடு கொழும்புக்குப் போய், துணிக்கடை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார்.

சென்ற வாரம் தொலைபேசியில் அவரிடம் யாவற்றையும் சொன்னேன். வசையை எதிர்பார்த்திருந்தேன். பெருமூச்சொன்றே கேட்டது.

"அப்ப எர்த்த நான் இறுக்கித்தான் இருந்திருக்கேன்."

இத்தனை ஆண்டுகளும் தம் கையையே அவர் சந்தேகித்து வாழ்ந்திருக்கிறார்! வீட்டில் ஒரு சுவிட்ச் மாற்றக்கூட வேறு ஆளை அழைப்பாராம், மகள் சொன்னாள். அந்தப் பெருமூச்சைக் கேட்டதும் என் நெஞ்சின் இறுக்கமும் தளர்ந்தது. அன்று நன்றாக உறங்கினேன். அப்படி உறங்கியதற்கு வெட்கப்படவும் செய்கிறேன்…

மன்னிக்கும்படி கேட்டேன். "கடைத்தெருவுல சொல்லுங்க மாமா. அங்கதானே சிரிச்சாங்க," என்றார்.

ஆகவே உங்களிடம் சொல்கிறேன். அண்ணனிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். ஆயினும் சொன்னபின் மூச்சு எளிதாக வருகிறது. அதை மறைக்க மாட்டேன்.

பொங்கலுக்கு வருவீர்களா என்று கணேசனிடம் கேட்டிருந்தேன். "பாப்போம்," என்றார்.

அதற்குமேல் கேட்கும் உரிமை எனக்கில்லை.