கிம் சார் செட்டப் ஆளா?

1. முத்திரை

வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ் பயிற்சியில் சேர்ந்த அன்று, மேசைமேல் இருந்த மாதிரிச் சான்றிதழின் முத்திரையை யாரும் பார்க்காத நேரத்தில் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். நான் காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் பதினெட்டு வருடம் சேல்ஸில் நின்றவள். சுலபத்தில் எதையும் நம்ப மாட்டேன்.

பயிற்சி நிலையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தது. நாற்காலிகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்த என் கணவர், "மூணு மாசத்துல வாத்தியாராக்கிடுவாங்களாமா? நல்லா விசாரிச்சுக்கினு சேரும்மா" என்றார்.

விசாரித்தேன். தேறினால் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை ஒன்றில் வெளிநாட்டுப் பொறியாளர்களுக்குப் பாடம் எடுக்கும் வேலை. அதை நம்பிக் கடையை விட்டேன். என் இடத்துக்கு மறுநாளே வேறு பெண் வந்துவிட்டாள். ஆக, திரும்பிப் போக வழியில்லை.

2. பொறி

இந்தப் பயிற்சியில் முக்கியமானது அப்சர்வேஷன். உண்மையான மாணவருக்கு நாம் பாடம் எடுக்க வேண்டும். பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். எங்கள் பயிற்சியாளர் ஸ்டெல்லா மேடம், சென்னைக்காரர். அதிகம் சிரிக்காதவர்.

கடைசி அப்சர்வேஷனுக்குக் கொரியப் பொறியாளர் கிம் சார் வந்தார். அவரைப் பற்றிய தாளில் 'பிகினர்', அதாவது ஆங்கிலத்துக்குப் புதியவர் என்று போட்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. கடையில் என் கடைசி வாரத்தில் ஆங்கிலத்தில் பேரம் பேசிச் சேலை வாங்கிப் போன அதே ஆள். ஒன்றும் தெரியாதவர் மாதிரி நடிக்க இவரை உட்கார வைத்திருக்கிறார்கள், நம்மைக் கவிழ்க்கத்தான் என்று முடிவு கட்டினேன்.

தயாரித்த பாடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தேன். எந்த ஊர், என்ன வேலை, எந்தக் கடையில் சேலை வாங்கினீர்கள், என்ன நிறம் என்று ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் கேட்டேன். அவர் முகம் சிவந்தது. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். அவருடைய எழுத்தில் நாலே வரி. ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார்: "ஹவ் மச். டூ மச். லாஸ்ட் பிரைஸ். தேங்க் யூ."

அன்று கடையில் அவர் பேசியது இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் பேசியது. எங்கள் கவுண்டரில் ஒரு வழக்கம் உண்டு: வாடிக்கையாளரைச் சும்மா உட்கார விடக்கூடாது. சும்மா இருந்தால் சந்தேகம் வரும். பிரித்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

"நீங்க பாடம் நடத்தல. போலீஸ் விசாரணை நடத்துனீங்க" என்றார் ஸ்டெல்லா மேடம். "ஃபெயில். வியாழக்கிழமை ஒரு சான்ஸ் தரேன்."

"வேற ஸ்டூடண்ட் கெடைக்குமா மேடம்?"

"கெடைக்காது. அவருக்கே எடுங்க."

வெட்கத்தில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

3. வியாழக்கிழமை

என்னிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று கிம் சாரிடம் சொல்லிவிட்டு வாயை மூடினேன். அவர் தரையைப் பார்த்தார். மின்விசிறி சுற்றியது. எனக்கு நாக்கு துருதுருத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் நிமிர்ந்தார். தாளை எடுக்கவில்லை.

"இன் ஷாப், யூ டாக் வெரி ஃபாஸ்ட்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஐ திங்க்... கோல்ட் நோ ரியல்."

பின்னால் மேடத்தின் பேனா நின்றது. ஊரில் எல்லாவற்றையும் உரசிப் பார்க்கிற நான், அந்தச் சேலைச் சரிகையை உரசிப் பார்த்ததில்லை. முதலாளி சொன்னார், விற்றேன். இந்த மனிதர் மூன்று மாதமாக அந்தச் சந்தேகத்தைச் சொல்ல வார்த்தை இல்லாமல் சுமந்திருக்கிறார்.

மாணவர் தாளைப் பார்க்காமல் தானாகவே பேசிவிட்டார் என்று மேடம் 'பாஸ்' எழுதிக் கொடுத்தார். அதை ரசிக்கக்கூட முடியவில்லை. மறுநாள் சேலையைக் கொண்டுவரச் சொன்னேன். முந்தானை ஓரத்தில் ஒரு சரிகை இழையை உருவி ஜன்னல் கல்லில் உரசினேன். தங்கநிறம் போய் வெள்ளி தெரிந்தது. உள்ளே சிவப்புப் பட்டு நூல். போலியென்றால் செம்பு தெரியும்; இது அசல்தான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாணவர் பேசாமல் இருந்தால் நீங்கள் பேசி நிரப்பாதீர்கள். அவருக்கு உங்கள்மேலேயே சந்தேகம் இருக்கலாம். அதைக் கேட்க விடுங்கள்.

அன்று "ரியல்" என்று நான் சொன்னபோது கிம் சார் தலையாட்டவில்லை. என் கையிலிருந்த இழையை வாங்கி, ஜன்னலண்டை போய், தானே ஒருமுறை உரசிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.