ஏழாம் நம்பர் பாட்டும் விக்டோரியா காலத்துத் துக்கமும்

டியூஷன் வாத்தியார் என்பவன், தான் எழுதாத பரீட்சைக்காக வருஷத்துக்கு இரண்டு முறை வயிறு கலங்குகிறவன். கணக்கும் சயன்ஸும் சொல்லித்தருகிற நண்பர்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் மலாக்கா பக்கம் மெர்லிமாவில் ஒரு மோட்டார்சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில், விக்டோரியா ராணி காலத்து ஆங்கில இலக்கியம் சொல்லித்தருகிறேன். கீழே எக்ஸாஸ்ட் குழாய் அலறும். மேலே நான் அந்தக் காலத்துக் கவிஞர்களின் மெல்லிய சோகத்தைத் தொண்டை கிழிய விளக்கிக்கொண்டிருப்பேன்.

வருகிறவர்கள் பிள்ளைகள் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் பட்டம் படிக்கிற பெரியவர்கள். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டு ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில், முணுமுணுப்பு மலாயில் என்று வகுப்பு ஓடும். இதே பிழைப்பில் இருக்கிற உங்களுக்கு என் பாடு தெரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

முற்றுப்புள்ளி உட்பட

சரோஜா அக்கா பெம்பானிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நாற்பத்தாறு வயது. கணவர் தவறி எட்டு வருஷம். ஒரு தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருக்கிறார். பட்டம் கையில் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வேலை இல்லை என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மற்ற தாள் எல்லாம் பாஸ். விக்டோரியா காலத் தாள் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. மூன்றாவது தடவைதான் கடைசி. அதிலும் போனால் ஆறு வருஷப் படிப்பும் வேலையும் சேர்ந்தே போகும்.

ஏன் ஃபெயில் ஆகிறார் என்பது இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. அந்தக் கால நாவல்களில் பெண்கள் நிலை என்ன என்று கேட்டேன். அக்கா எழுந்து, கண்ணை மூடி, கவிதையில் இயற்கை பற்றி நான் கொடுத்த நோட்ஸை மூச்சு விடாமல் ஒப்பித்தார். நான் பக்கத்தின் அடியில் எழுதியிருந்த ‘மறுபக்கம் பார்க்க’ என்பதையும் விடவில்லை. துணி காயப்போடும்போது, சமைக்கும்போது எல்லாம் மனப்பாடம் செய்வாராம். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கவலை வந்தது. “அக்கா, கேட்ட கேள்விக்குச் சொந்தமா நாலு வரி எழுதிப் பாருங்களேன்” என்றேன்.

அவர் சொன்னார்: “சொந்தமா எழுதினா தப்பு வந்துடும் சார். உங்களோடத எழுதினா, வர்ற தப்பு உங்களோடதுதானே.”

எந்த இடம் மிகை?

முருகையா அண்ணன் செலண்டார் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் காவல் வேலை. ஐம்பத்திரண்டு வயதில் எதற்கு டிகிரி என்று கேட்டால், “சும்மா லா” என்று நம் ஊர் இழுப்போடு சொல்வார். வேறு காரணம் இன்றுவரை சொன்னதில்லை.

ஒரு வாரம் பாடம் தொழிற்சாலை நாவல்கள். விடியுமுன் மணி அடிக்கும், ஜனங்கள் ஓடுவார்கள், பிள்ளைகள் இயந்திரத்தடியில் நுழைந்து பஞ்சு பொறுக்கும் என்று விளக்கிவிட்டு, வழக்கமான நோட்ஸைச் சொல்லத் தொடங்கினேன். ‘இந்த நாவலாசிரியர்கள் கண்ணீரைக் கொஞ்சம் மிகையாகவே வரவழைத்தார்கள்’ என்பது அதில் மூன்றாவது பாயிண்ட். எல்லாரும் எழுதினார்கள். அண்ணன் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவர் பிறந்து வளர்ந்தது எஸ்டேட்டில். அங்கே விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். பிந்தி வந்தால் கிராணி, அதாவது எஸ்டேட் குமாஸ்தா, அரைப் பேர்தான் போடுவார், கூலியும் பாதிதான்.

அவர் கோபப்படவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்: “எங்கம்மா எட்டு மாச வயித்தோட பெரட்டுல நின்னாங்க சார், கிராணி நிமிர்ந்துகூடப் பார்க்கல. இதுல எந்த இடம் மிகைன்னு காட்டுங்க, நான் கோடு போட்டுக்கிறேன்.”

மூன்றாவது பாயிண்டை அன்றே அடித்துவிட்டேன்.

ஒருத்தரே பேசுகிற பாட்டு

விக்டோரியா காலத்தார் ஒரு வகைக் கவிதையை நன்றாகவே பழக்கிவைத்திருந்தார்கள். ஒரு ஆள் மட்டும் பேசிக்கொண்டே போவான். எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்பார், அவர் வாயே திறக்கமாட்டார். பேசுகிறவன் தன்னை உத்தமன் என்று காட்டப் பேசுவான். பேசப் பேச அவன் யார் என்பது அவனுக்குத் தெரியாமலே நமக்குத் தெரிந்துவிடும். இதை மூன்று வாரம் நடத்தியும் வகுப்பில் ஒரு முகமும் தெளியவில்லை. தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

நாலாவது வாரம் கவிதா ஒரு கதையோடு வந்தாள். ஜாசினில் ஒரு வழக்கறிஞர் ஆபிசில் குமாஸ்தா, வகுப்பிலேயே சின்னவள். முந்தின நாள் அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்களாம். மாப்பிள்ளை ஒரு மணி நேரம் பேசினாராம்: எனக்கு வரதட்சணையே பிடிக்காது, அண்ணனுக்கு வந்த காரைக்கூட அவன் கேட்டு வாங்கவில்லை. பெண்கள் வேலைக்குப் போவதை நான் தடுப்பதில்லை, ஆறு மணிக்குள் வீட்டில் இருந்தால் போதும். நான் கோபக்காரன் இல்லை, எங்கள் வீட்டு நாயைக் கேட்டுப் பாருங்கள். இப்படியே போயிருக்கிறது. அவள் வீட்டில் எல்லாருக்கும் பரம திருப்தி. கவிதா மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

“அவர் பேசப் பேச உங்க பாடம்தான் சார் ஞாபகம் வந்துச்சு” என்றாள். “அப்படியே எழுதி வச்சிருந்தா எனக்கு முழு மார்க் லா.”

கத்தரித்த துண்டுகள்

அடுத்து இரங்கற்பா. அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் துக்கத்தை எப்படிக் கொண்டாடினார்கள் என்று சொன்னேன். வருஷக்கணக்கில் கறுப்பு உடை, கறுப்புக் கரை போட்ட கடிதத்தாள், இறந்தவரின் முடியை வைத்த லாக்கெட். கவிதையிலும் அதேதான், ஒரே அளவு, ஒரே எதுகை, பக்கம் பக்கமாக அழுகை. “நெஞ்சு வெடிக்கிறவனுக்கு எதுகை எதற்கு என்று சிலர் கேட்பார்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாயிண்டுக்குப் போகப் பார்த்தேன்.

சரோஜா அக்கா கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே பத்திரிகைத் துண்டுகள். வருஷா வருஷம் கணவருக்காகப் போட்ட நினைவஞ்சலி விளம்பரங்கள். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பத்திரிகை ஏஜெண்டிடம் ஒரு ஃபைல் இருக்கும். அதில் அப்பாவுக்கு, அம்மாவுக்கு, கணவருக்கு, பிள்ளைக்கு என்று நம்பர் போட்ட பாட்டுகள். படத்தைக் கொடுத்து நம்பரைச் சொன்னால் போதும். அக்கா எட்டு வருஷமாக ஏழாம் நம்பர்.

அந்த உறையில் முன்பின் தெரியாத ஒரு மனிதரின் படமும் இருந்தது. அவருக்கும் அதே ஏழாம் நம்பர் பாட்டு, அதே நாள், அதே பக்கம். “யாரோ ஒருத்தரு சார், மூவார் ஊராம். இதையும் வெட்டி வச்சிக்கிட்டேன். எனக்கு ஒரு சந்தேகம். பாட்டு ரெண்டு பேருக்கும் பொதுன்னா, துக்கமும் பாதிதானா?”

நல்ல கேள்வி. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். பரீட்சைக்கு ஆறு வாரம். “அக்கா, பழைய கேள்வித்தாளை எடுத்துப் பாருங்க. போன ரெண்டு தடவையும் இரங்கற்பா வந்துடுச்சு. இந்தத் தடவை வரவே வராது. நம்பிக்கையும் ஐயமும்தான் வரும். அதை மனப்பாடம் பண்ணுங்க, இதையெல்லாம் மூடி வைங்க” என்றேன். மனப்பாடம் செய்யாதீர்கள் என்று சொன்ன அதே வாய்தான்.

அவர் உறையை மடித்தார். “சரிங்க சார். நீங்க வராதுன்னா மூடி வச்சிடுறேன்.”

ஸ்பாட்

எந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே ஊகித்துச் சொல்வதற்கு நம் தொழிலில் ஸ்பாட் என்று பெயர். இந்த நாட்டில் டியூஷன் வாத்தியாரின் மரியாதை அவன் ஸ்பாட்டில்தான் நிற்கிறது. நான் ‘நம்பிக்கையும் ஐயமும்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். அறிவியல் வளர வளரக் கவிஞர்கள் கடவுளைப் பற்றி எப்படித் தடுமாறினார்கள் என்று பன்னிரண்டு பக்கம் கொடுத்தேன். சரோஜா அக்கா பன்னிரண்டையும் விழுங்கினார்.

பரீட்சையன்று மலாக்கா டவுனில் மண்டபத்துக்கு வெளியே நின்றேன். முதலில் கவிதா வந்தாள், முகம் சரியில்லை. கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். கட்டாயக் கேள்வி: விக்டோரியா காலக் கவிஞர்கள் தங்கள் துக்கத்துக்குக் கட்டுப்பாடான வடிவம் தேடியது ஏன்? நாற்பது மார்க். கடவுளும் இல்லை, ஐயமும் இல்லை.

சரோஜா அக்கா கடைசி ஆளாக வெளியே வந்தார். கேள்வித்தாளைக் கைப்பையில் வைத்தார், என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு பெண்ணின் வேலையை என் கையாலேயே பிடுங்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். முருகையா அண்ணன் என் தோளில் கை வைத்தார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மட்டும் நாலு நம்பர் லாட்டரி எழுதிடாதீங்க.”

முடிவு வந்த நாள்

அடுத்த இரண்டு மாதம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். மூன்று தடவை அக்காவுக்குப் போன் செய்ய எடுத்து, மூன்று தடவையும் வைத்துவிட்டேன். முடிவு வந்த அன்று கவிதா பாஸ் என்று மெசேஜ் போட்டாள். முருகையா அண்ணன் ஃபெயில், “சும்மா லா, அடுத்த தடவை” என்றார். அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் சத்தம். அக்கா ஒரு டப்பாக் கேசரியோடு வந்து நின்றார். பாஸ் மட்டும் இல்லை, என் வகுப்பில் அதுவரை யாரும் வாங்காத கிரேடு. எனக்குச் சந்தோஷத்தைவிட ஆச்சரியம்தான் முந்திக்கொண்டது. என்ன எழுதினீங்க அக்கா என்று கேட்டேன்.

ஏழாம் நம்பர் பாட்டைப் பற்றி எழுதினாராம். அவர் கணவர் போன முதல் வருஷம் விளம்பரத்துக்குச் சொந்தமாக எழுத உட்கார்ந்திருக்கிறார். மூன்று நாள் உட்கார்ந்தும் ஒரு வரி வரவில்லை, அழுகைதான் வந்தது. ஏஜெண்டு ஃபைலைத் திறந்து காட்ட, ஏழாம் நம்பரைப் படித்திருக்கிறார். யாரோ எழுதிய எட்டு வரி. அந்த எட்டு வரிக்குள் நின்று அழ முடிந்தது, எட்டாவது வரி முடிந்ததும் எழுந்து பிள்ளைகளுக்குச் சோறு போட முடிந்தது. அந்தக் காலத்து ஆங்கிலேயனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், அளவு இல்லாமல் அழுதால் எழுந்திருக்க முடியாது என்று எழுதியிருக்கிறார். மூவார்க்காரருடைய படத்தைப் பற்றியும் ஒரு பத்தி. பாட்டு பொது என்பதால் துக்கம் பாதியாகவில்லை, துணைக்கு ஆள் கிடைத்தது என்று முடித்திருக்கிறார்.

பத்து வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன், என் நோட்ஸில் இப்படி ஒரு வரி கிடையாது. “மன்னிச்சிடுங்க அக்கா. அன்னைக்கு நீங்க கேட்டப்பவே நான் உட்கார்ந்து கேட்டிருக்கணும். வராதுன்னு சொல்லிட்டேன்” என்றேன்.

அக்கா கேசரி டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். அதுவரை சார் என்றுதான் கூப்பிடுவார்.

“நீங்க வராதுன்னு சொன்னது நல்லதாப் போச்சு தம்பி. அது ஒண்ணைத்தான் நான் மனப்பாடம் பண்ணாம வச்சிருந்தேன்.”

இப்போதெல்லாம் ஸ்பாட் கேட்டு வருகிறவர்களுக்கு, எது வரவே வராது என்று மட்டும் அடித்துச் சொல்லி அனுப்புகிறேன், பாஸ் ஆகிறவர்கள் எண்ணிக்கை கூடியிருக்கிறது.