குரல் வரட்டும்

"எனர்ஜைஸ் பண்ணப் போறேன்! உள்ள யாரு?"

ஜூலியஸின் இந்தக் கூப்பாடு குருண் தொழிற்சாலையின் மின்னறையைத் தாண்டி வாசல் வரை கேட்கும். பழுதுபார்த்த மின்பெட்டிக்கு மறுபடி மின்சாரம் விடுவதைத்தான் அந்தத் தொழிலில் அப்படிச் சொல்கிறார்கள். மின்சாரப் பொறுப்பை ஏற்ற சார்ஜ்மேனான அவர், சுவிட்சைத் தொடுமுன் வேலை செய்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் குரலாகத்தான் வர வேண்டும். தலையாட்டல் செல்லாது.

போன வாரம் புவனேசன் வாய் நிறையக் கறிபாப் பலகாரத்தோடு எதிரிலேயே நின்றான். மேற்பார்வையாளர் யோகேந்திரனுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, ஆளு கண்ணு முன்னாடி நிக்கிறான். மெஷின் எல்லாம் நிக்குது. போடுங்க லா!"

"முழுங்கட்டும் தம்பி. குரல் வரட்டும்."

புவனேசன் விழுங்கினான், விக்கினான், "வெளிய இருக்கேண்ணே!" என்றான். சிரிக்காதவர் ஜூலியஸ் ஒருவர்தான்.

அவருக்கு எப்படிச் சிரிப்பு வரும்? இளவயதில் ஒருநாள் எல்லாரும் வெளியே வந்து, சுவிட்சில் போட்டிருந்த பாதுகாப்புப் பூட்டுகளையும் எடுத்தாகிவிட்டது. விட்டுவந்த ஸ்பானர் ஞாபகம் வர, ஜூலியஸ் யாரிடமும் சொல்லாமல் அலமாரி போல உயர்ந்த மின்பெட்டியின் பின்பக்கம் நுழைந்துவிட்டார். அப்போது சார்ஜ்மேனாக இருந்த அம்மாசிக்கு என்ன தோன்றியதோ, சுவிட்சின் கைப்பிடியில் கை வைத்தவர் இன்னொரு முறை பெயர்களைக் கூப்பிட்டார்.

"ஐயோ, உள்ள இருக்கேண்ணே!"

அம்மாசி திட்டவில்லை. கேன்டீனுக்கு இழுத்துப் போய் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். தன் கிளாஸை அவர் தொடவேயில்லை. மனைவி அகத்தா, மகள் நிகோல், பீடோங்கில் ஒரு வீடு எல்லாமே அந்தக் கூப்பாட்டில் கிடைத்தவை என்பது ஜூலியஸின் நம்பிக்கை. ஞாயிறு பூசையில் நன்றி சொல்லும்போது ஆண்டவருக்கு அடுத்த பெயர் அம்மாசிதான். அம்மாசி நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர் என்பது ஆண்டவருக்குத் தெரியாதா என்ன!

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கும் நிகோல், ஒருநாள் சாப்பாட்டின்போது 'எனர்ஜைஸ்' என்ற அந்தச் சொல்லின் பூர்வீகத்தைச் சொன்னாள். சக்தி கொடுப்பது, உயிர்ப்பூட்டுவது என்று பொருள். வேர் கிரேக்கம். அங்கே 'என்' என்றால் உள்ளே, 'எர்கோன்' என்றால் வேலை. வேலைக்குள் இருப்பதுதான் எனர்ஜி.

ஜூலியஸ் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் யோசித்தார்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க. ஆனா கரண்டு வேலைக்குள்ள போறப்ப மனுஷன் வெளிய வந்திருக்கணும் லா. அத யாரு சொல்றது?"

"அதான் நீங்க கத்துறீங்களேப்பா."

அவருக்கு அன்று சோறு இன்னும் கொஞ்சம் இறங்கியது.

கறிபாப் விழுங்கப்பட்ட அன்றும் அவர் கைப்பிடியை மேலே தள்ளினார். விளக்குகள் எரிந்தன, இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. பையன்கள் கலைந்த பிறகு, வழக்கம்போல் திகாம் பத்து ஊரில் ஓய்வாக இருக்கும் அம்மாசிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, எல்லாரும் வெளிய."

"என்னடா? ஒண்ணும் கேக்கல."

ஜூலியஸ் மின்னறைக் கதவை அகலத் திறந்து, ஓடும் இயந்திரங்களின் பக்கமாகப் போனை நீட்டிப் பிடித்தார்.